அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நட்சத்திர ஆட்டங்கள்

கல்லூரியில் ஒரு விளையாட்டில் பெயர் பெற்ற இளைஞன் அதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால், அவனுடைய தகுதியை அறிபவர் யார், எவ்வாறு அறிவது என்ற கேள்விகள் எழுகின்றன. சொந்த ஊர் புகழ்வது மட்டும் போதாது. அவனை முன்பின் கண்டிராதவர்கள், வேற்றூரில், பிற ஊர்களின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கு எதிரே நிறுத்திப் பார்த்து, தக்கவன்தான் என்று ஒப்ப வேண்டும். நம் நாட்டுக் கிரிக்கெட்டில் துலீப் கோப்பை போன்ற பந்தயங்கள் பல மாநிலத்து ஆட்டக்காரர்களை ஒரே மைதானத்தில் கூட்டி, தேர்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இடமளிக்கின்றன. ஏறத்தாழ இதே நோக்கத்துடன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கால்பந்து வீரர்களுக்கென்று நடைபெறுபவையே நட்சத்திர ஆட்டங்கள். இவற்றில் இடம் பெறத் தகுதி உடையவர் யார், இவற்றால் மெய்யாகவே பயன் அடைபவர் யார் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் கூர்ந்த நீள் உருண்டைப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரிகளைத் தள்ளியும், பக்கத்துக்குப் பதினொருவராக ஆடும் முரட்டு ஆட்டம் அது. தலைக்கவசமும் தோள் காப்பும் அணிந்தே களத்தில் இறங்குவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவரைச் சுவர் போல நின்று காப்பவர்கள் முன்வரிசைக் காவலர். இவ்விரு சொற்களை நினைவில் கொண்டால் மேலே வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அந்நாட்டில் இந்த ஆட்டத்தின் உயர்ந்த தொழில்முறை அமைப்பு நேஷனல் ஃபுட்பால் லீக் என்பது. அதில் 32 குழுக்கள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் இக்குழுக்கள் ஒன்றுகூடி, கல்லூரியை விட்டு வெளிவரும் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்துகொள்கின்றன. சென்ற பருவத்தில் கடைசியாக நின்ற குழு முதலில் தேர்ந்தெடுக்கும். வாகை சூடிய குழு கடைசியாகத் தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் எனப்படும் இந்த ஆள் தேர்வு முதன்முதலில் 1936-ஆம் ஆண்டு நடந்தது. 1994 முதல் அது ஏழு சுற்றுகளாக நடைபெறுகிறது. ஏழு சுற்றுகளிலும் சேர்த்து எடுக்கப்படுவோர் சுமார் 260 பேருக்கு உட்பட்டவர்களே. ஆனால் கல்லூரிகளில் ஆடித் தேர்வுக்கு உரிய நிலையை எய்துபவர்களோ, ஆண்டொன்றுக்குச் சுமார் 16,000 பேர். நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட இடம் இல்லை. முதற் சுற்றில் எடுக்கப்பட்டவன் செல்வந்தன் ஆகிறான். ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவன் அடுத்த ஆண்டு குழுவில் நீடிப்பானா என்பதே ஐயம். ஆகவே தேர்வுப் பட்டியலில் சில படிகள் ஏறுவதும் இறங்குவதும் ஓர் இளைஞனின் வாழ்வையே மாற்றிவிடும்.

இத்தனை பேரை ஒப்பிடுவது எப்படி? பெரிய பல்கலைக் கழகத்தில் ஆடியவன் வாரந்தோறும் வலிமை மிக்க எதிரிகளைச் சந்தித்திருக்கிறான். சிறு கல்லூரியில் ஆடியவனோ, வந்தவர்களை எல்லாம் வீழ்த்தியிருக்கலாம். ஆனால் வந்தவர்கள் எத்தகையோர் என்ற கேள்வி நிற்கிறது. இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுக்க ஒரு பொதுக் களம் வேண்டும். நட்சத்திர ஆட்டங்கள் இன்று அந்தப் பணியைச் செய்கின்றன. ஆயினும் அவை தோன்றியது அதற்காக அன்று.

இன்று நடப்பவற்றுள் மிகப் பழமையானது கிழக்கு–மேற்கு ஷ்ரைன் ஆட்டம். ஷ்ரைனர்கள் என்னும் சகோதர சங்கத்தார் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு, 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் இது தொடங்கிற்று. நாட்டின் கிழக்குப் பகுதிக் கல்லூரி வீரர்கள் ஓரணி. மேற்குப் பகுதியினர் மற்றோரணி. 1935-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடந்த ஆட்டத்தில், மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ஃபோர்டு என்ற இளைஞர் கிழக்கு அணியில் ஆடினார். டெட்ராய்ட், கிரீன் பே ஆகிய இரு தொழில்முறைக் குழுக்கள் அவரை அழைத்தன. அவர் அவ்வழைப்புகளை ஏற்காமல், யேல் பல்கலைக் கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, சட்டமும் பயின்றார். 1974-இல் நாட்டின் ஜனாதிபதி ஆனவர் அவரே.

சிக்காகோ நகரில் வேறு வகையான ஓர் ஆட்டம் இருந்தது. சிக்காகோ டிரிபியூன் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் ஆர்ச் வார்ட் என்பவர் 1934-இல் அதைத் தொடங்கினார். கல்லூரியை முடித்த சிறந்த வீரர்கள், தொழில்முறை லீகின் வாகைக் குழுவையே எதிர்த்து ஆடுவார்கள். முதல் ஆண்டில் இரு பக்கமும் ஒரு புள்ளியும் பெறாமல் ஆட்டம் சமமாக முடிந்தது. மொத்தம் 42 ஆட்டங்களில் கல்லூரி வீரர்கள் 9 முறையும் தொழில்முறை வீரர்கள் 31 முறையும் வென்றார்கள், இரண்டு சமம். 1963-க்குப் பிறகு கல்லூரி அணி வெல்லவே இல்லை. 1976-ஆம் ஆண்டு ஜூலையில் இடி மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட ஆட்டமே கடைசி ஆட்டமாயிற்று. இதன் முடிவுக்கு ஒரு காரணம் எளிதில் புலப்படும். ஆடிய வீரர்கள் ஏற்கெனவே குழுக்களால் எடுக்கப்பட்டவர்கள். பொருள் கொடுத்துப் பெற்ற வீரன் இந்தக் காட்சி ஆட்டத்தில் அடிபடுவதையோ, தன் குழுவின் பயிற்சி நாட்களை இழப்பதையோ எந்தக் குழுவும் விரும்பவில்லை. தேர்வுக்குப் பின் நடந்த ஆட்டம் மறைந்தது. தேர்வுக்கு முன் நடக்கும் ஆட்டங்களுக்கு மதிப்பு ஏறிற்று.

அவ்வாறு மதிப்பு ஏறியவற்றுள் தலையாயது சீனியர் பவுல். 1950-இல் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் தொடங்கிய இது, அடுத்த ஆண்டே அலபாமா மாநிலத்துத் துறைமுக நகரான மொபீலுக்கு மாறி, அன்று முதல் அங்கேயே நடந்து வருகிறது. தொழில்முறைக் குழுக்களின் பயிற்சியாளர்களே வந்து இரு அணிகளையும் பழக்குவது இதன் ஒரு சிறப்பு. ஹவாய்த் தீவில் 1947-இல் பிறந்த ஹூலா பவுல், 2008-இல் நின்று, 2020-இல் மீண்டும் உயிர் பெற்று, பின்னர் ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தது. வேறு சில ஆட்டங்களும் தோன்றி மறைந்தன.

இனித் தகுதி பற்றிக் காண்போம். நட்சத்திர ஆட்டத்தில் சேர விரும்புபவன் மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதல் வாயில் கல்லூரியின் விதி. ஒரு மாணவன் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது பல ஆண்டுகளாக வழங்கிவந்த முறை. அந்த உரிமையை முடித்துக்கொண்டவர்களையே, அதாவது இறுதி ஆண்டு மாணவர்களையே, நட்சத்திர ஆட்டங்கள் நெடுங்காலம் அழைத்து வந்தன. சீனியர் என்ற பெயர் குறிப்பதும் இறுதி ஆண்டு மாணவரைத்தான். பெருந்தொற்று நிலவிய 2020-ஆம் ஆண்டுப் பருவத்தை மட்டும் யார் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் முடிவு செய்ததால், அதன் பின் சில ஆண்டுகள் யார் இறுதி ஆண்டினர், யார் அல்லர் என்பதே குழப்பமாயிற்று.

இரண்டாம் வாயில் தொழில்முறை லீகின் விதி. உயர்நிலைப் பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்தாலன்றி ஒருவன் ஆள் தேர்வில் நுழைய முடியாது. ஓஹாயோ மாநிலப் பல்கலைக் கழக வீரர் மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 2004-இல் முதலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், அதே ஆண்டில் மேல் நீதிமன்றம் லீகின் விதியே செல்லும் என்று கூறிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தவர்கள், கல்லூரியில் இன்னும் ஒரு பருவம் ஆடும் உரிமை இருந்தாலும், அதைத் துறந்து தேர்வுக்குப் பெயர் கொடுக்கலாம் என்ற முறை 1990-இல் வந்தது. ஆனால் நட்சத்திர ஆட்டங்களின் கதவு அவர்களுக்குப் பின்னும் பல ஆண்டுகள் திறக்கவில்லை. படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் இடையில் விலக்குக் கிடைத்தது. 2024-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முதற்கொண்டே, தேர்வுக்குப் பெயர் கொடுத்த இளைய மாணவர்களும் சீனியர் பவுலிலும் ஷ்ரைன் ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள்.

மூன்றாம் வாயிலே மிகவும் குறுகியது. அதற்குப் பெயர் அழைப்பு. விண்ணப்பம் எழுதிப் போட்டு இடம் பெறுவது இங்கே வழக்கமன்று. ஆட்டத்தை நடத்துபவர்கள் இலையுதிர் காலம் முழுவதும் கல்லூரி ஆட்டங்களைக் கண்டு, தொழில்முறைக் குழுக்களின் கருத்தையும் அறிந்து, பட்டியல் தயாரிக்கிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. ஆகவே நல்ல வீரன் ஒருவன், அவனுடைய இடத்துக்கு அவ்வாண்டு நல்லவர் பலர் இருந்த காரணத்தாலேயே விடுபட்டுப் போகலாம்.

அழைப்புப் பெற்றவனுக்கு என்ன நேர்கிறது? வார இறுதியாக நடக்கும் ஆட்டத்தைத்தான் வெளி உலகம் பார்க்கிறது. ஆனால் குழுக்களின் சார்பில் ஆள் தேடி வரும் நிபுணர்களுக்கு, அதற்கு முந்திய நாட்களே முக்கியமானவை. பழங்காலத்து நாணய நோட்டக்காரர் காசைக் கையில் எடுத்துச் சுண்டிப் பார்த்து மாற்று அறிவது போல, இவர்கள் வீரனை நாலு விதமாகச் சோதிக்கிறார்கள். பயிற்சி முடிந்தவுடன், ஆட்டத்துக்கு முன்பே, அவர்களிற் பலர் ஊர் திரும்பிவிடுவதும் உண்டு.

முதலாவது அளவு. உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளக்கப்படும். கல்லூரிகள் வெளியிடும் அளவுகள் சற்று மிகையாக இருப்பது எல்லாரும் அறிந்ததே. இங்கே அது செல்லாது. பல ஆண்டுகள் வரை, அரைக்கால் சட்டை மட்டும் அணிந்த இளைஞர்களை மேடையேற்றி, நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் அளவு கூறுவது வழக்கமாக இருந்தது. அதைக் கண்டு, மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று வருந்தியவர்களும் உண்டு. அந்த அளவுகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022-இல் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட், சீனியர் பவுலில் தம் கையை அளக்க இணங்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் அளந்தபோது எட்டரை அங்குலம் என்று தெரிந்தது. குவார்ட்டர்பேக்குக்கு அது சிறிய கை. ஆயினும் பிட்ஸ்பர்க் குழு அவரை 20-ஆவது ஆளாக, முதற் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, ஒருவருக்கு ஒருவராக நின்று மோதும் பயிற்சி. முன்வரிசைக் காவலன் ஒருவன். அவனைத் தாண்டிப் பாய வேண்டிய எதிரி ஒருவன். உதவிக்கு யாரும் இல்லை. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. சில நொடிகளில் முடிவு தெரிந்துவிடும். மூன்றாவது, கற்கும் திறன். புதிய பயிற்சியாளர் தரும் புதிய திட்டங்களை, முன்பின் அறியாத தோழர்களுடன் சேர்ந்து, மூன்றே நாட்களில் கற்றுக் களத்தில் காட்ட வேண்டும். நான்காவது, மாலை நேரங்களில் நடக்கும் உரையாடல். குழுவின் பிரதிநிதிகள் வீரனை எதிரே அமர்த்தி, அவனுடைய அறிவு, ஒழுக்கம், குடும்பம், செய்த தவறுகள் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள்.

1987 முதல் ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் வீரர்களுக்கு ஒரு பொதுச் சோதனை நடக்கிறது. அங்கே ஓட்டத்தின் வேகத்தையும், தாண்டும் உயரத்தையும், தூக்கும் பளுவையும் அளக்கலாம், மருத்துவரும் பரிசோதிப்பார். ஆனால் எதிரே ஆள் இல்லை. கவசம் அணிந்த எதிரியின் முன்னிலையில் என்ன செய்வான் என்பதைக் காட்டுவது நட்சத்திர ஆட்டத்துப் பயிற்சியே. அதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பயனை நிறைவாகப் பெற்றவர்கள் சிறு கல்லூரி வீரர்கள். கல்லூரிக் கால்பந்தில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது. ஹோபார்ட் என்ற அத்தகைய கல்லூரியில் முன்வரிசைக் காவலராக ஆடிய அலி மார்ப்பெட், 2015-ஆம் ஆண்டு சீனியர் பவுலுக்கு அழைக்கப்பட்டு, பெரிய பல்கலைக் கழகத்து வீரர்களுக்குச் சமமாக நின்றார். டாம்பா பே குழு அவரை இரண்டாம் சுற்றில் 61-ஆவதாக எடுத்தது. இன்னும் வியப்புக்குரியது குவின் மைனெர்ஸ் என்பவரின் வரலாறு. அவரும் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவர். விஸ்கான்சின்–வைட்வாட்டர் கல்லூரியில் பயின்றவர். பெருந்தொற்றால் 2020-ஆம் ஆண்டு அவருடைய கல்லூரியின் பருவம் முழுவதும் கைவிடப்பட்டது. தம் இறுதி ஆண்டில் ஓர் ஆட்டமும் ஆடாத அவருக்கு, 2021 ஜனவரியில் மொபீலில் கிடைத்த சில நாட்களே திறமையைக் காட்ட வாய்த்த களம். அவ்வாண்டு மூன்றாம் சுற்றில் 98-ஆவதாக டென்வர் குழு அவரை எடுத்தது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் லீகின் மிகச் சிறந்த வீரர்களின் பட்டியலில் முதல் அணியில் அவர் பெயர் இடம் பெற்றது.

பெரிய கல்லூரி வீரருக்கும், அவரைப் பற்றி ஓர் ஐயம் நிலவினால், இந்த ஆட்டம் உதவும். பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்து ஏரன் டானல்ட் 2013-இல் பரிசுகள் பல பெற்றவர். எனினும், முன்வரிசையில் பாய்பவருக்கு வேண்டிய உடற்பருமன் இல்லை என்று பலர் ஐயுற்றார்கள். 2014-ஆம் ஆண்டு சீனியர் பவுல் பயிற்சியில் தம்மினும் பெரியவர்களை அவர் மீண்டும் மீண்டும் வென்று காட்டினார். செயின்ட் லூயிஸ் குழு 13-ஆவதாக எடுத்தது. பின்னாளில் தடுப்பாட்டத்தில் ஆண்டின் சிறந்த வீரர் என்ற விருதை மூன்று முறை பெற்றார். கனடா நாட்டு மெக்கில் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்றுகொண்டே ஆடிய லோரான் துவெர்நே-தார்திஃப், 2014-இல் ஷ்ரைன் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டார். கான்சாஸ் சிட்டி குழு அவரை 200-ஆவதாக எடுத்தது. அவர் மருத்துவப் பட்டமும் பெற்று, 2020 பிப்ரவரியில் வாகை சூடிய அணியிலும் ஆடினார். அதே ஆண்டு பெருந்தொற்று பரவியபோது, ஆட்டத்தை விட்டு விலகி, கியூபெக் மாநிலத்தில் முதியோர் காப்பகம் ஒன்றில் தொண்டு புரிந்தார்.

அப்படியானால் அழைப்பு வந்த ஒவ்வொருவனும் ஏற்க வேண்டுமா? இங்கே சற்று நிதானமாக எண்ண வேண்டும். முதற் சுற்றின் முற்பகுதியில் எடுக்கப்படுவது உறுதி என்று ஏற்கெனவே மதிக்கப்பட்டவனுக்கு, இந்த ஆட்டத்தால் ஏறுவதற்குப் படி இல்லை. இறங்குவதற்கு மட்டும் உண்டு. ஆகவே அத்தகையோரிற் பலர் வருவதில்லை. ஆயினும் இது பொது விதி அன்று. மத்திய மிச்சிகன் பல்கலைக் கழகத்து எரிக் ஃபிஷர் 2013-இல் சீனியர் பவுலில் ஆடிய பின் அவ்வாண்டின் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார். காயத்தினின்று முழுதும் தேறாதவன் களம் இறங்குவது தகாது. கூலி பேசி முடியாத வேலையில் உடலைப் பணயம் வைப்பது போன்றது அது. அத்தகையவன் உரையாடலுக்கு மட்டும் சென்று வருவதே நன்று.

மேலும் ஓர் எச்சரிக்கை. சீனியர் பவுலில் ஆடியவர்களில் நூறு பேர் அளவில் சமீப ஆண்டுகளில் தேர்வு பெறுகிறார்கள் என்பது உண்மை. இதைக் கேட்டு, அங்கே சென்றாலே இடம் உறுதி என்று கருதினால் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப் புரிந்துகொண்டவர் ஆவோம். தேர்வு பெறத் தக்கவர்கள் என்று முன்பே மதிக்கப்பட்டவர்களே அழைக்கப்படுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் அழைப்பு இல்லாமலும் எடுக்கப்பட்டிருப்பார்கள். ஆட்டம் செய்யும் மெய்யான மாற்றம், ஐயத்தில் நின்ற சிலரை மேலே உயர்த்துவதும், வேறு சிலரைக் கீழே இறக்குவதுமே.

நிபுணர்களின் கண்ணும் தவறாதது அன்று. டாம் பிரேடி 2000-ஆம் ஆண்டு ஷ்ரைன் ஆட்டத்தில் எல்லாரும் காண ஆடினார். ஆயினும் ஆறாம் சுற்றில் 199-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அவரே பின்னர் ஏழு முறை வாகை சூடினார். 2016-ஆம் ஆண்டு சீனியர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற டாக் பிரெஸ்காட், நான்காம் சுற்றில் 135-ஆவது ஆள். 2022-இல் ஷ்ரைன் ஆட்டத்தில் பங்கு பெற்ற பிராக் பர்டி, அவ்வாண்டுத் தேர்வின் கடைசி ஆள், 262-ஆவது. இரண்டாவது பருவத்திலேயே தம் குழுவை இறுதிப் பந்தயத்துக்கு நடத்திச் சென்றார். ஒரு வாரக் காட்சி ஒருவனுடைய வருங்காலம் முழுவதையும் சொல்லிவிடாது என்பதற்கு இவர்கள் சான்று.

களம் பொதுவானது என்று சொன்னோம். அது எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரியில் 1939 முதல் நடந்த நீலம்–சாம்பல் ஆட்டம் நெடுங்காலம் நீக்ரோ வீரர்களைச் சேர்க்கவில்லை. இன்று அம்மக்களைக் கறுப்பினத்தவர் என்றே மரியாதையுடன் வழங்குகிறோம். 1963-இல் என். பி. சி. தொலைக்காட்சி நிலையம் இதன் காரணமாக ஒளிபரப்ப மறுத்தது. 1965-இல்தான் தடை நீங்கிற்று. அண்மையிலும், 2021-ஆம் ஆண்டு ஆள் தேர்வில், கறுப்பினத்தவருக்கென்று தொன்றுதொட்டு நடைபெறும் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூட எடுக்கப்படவில்லை. அக்கல்லூரி வீரர்களுக்கென்றே 2022-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு நட்சத்திர ஆட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு அக்கல்லூரிகளிலிருந்து நால்வர் தேர்வு பெற்றனர். அவ்வொரு புதிய ஆட்டமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று கூற இயலாது. ஆயினும், காண்பார் இல்லாத இடத்தில் திறமை இருந்தும் இல்லாததே ஆகும் என்ற உண்மையை அதை நிறுவியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நோயுற்ற குழந்தைகளுக்கு நிதி சேர்க்கப் பிறந்த ஓர் ஏற்பாடு, இன்று இளைஞர்களின் தொழில் வாழ்வைத் தீர்மானிக்கும் துலாக்கோல்களுள் ஒன்றாக ஆகியிருக்கிறது. புகழின் உச்சியில் இருப்பவனுக்கு இது தேவை இல்லை. தகுதி இல்லாதவனுக்கு இது தகுதியைத் தாராது. தகுதி இருந்தும் கண்டறியப்படாதவனுக்கு, பெயர் அறியாத சிறு கல்லூரியிலிருந்து பெட்டியுடன் வந்து இறங்குபவனுக்கு, பெரிய இடத்து வீரனோடு தோளுக்குத் தோள் நின்று காட்ட மூன்று நாள் அவகாசம் தருகிறது. பட்டியலில் கடைசி இடங்களும் அவனைப் போன்றோருக்குத் திறந்திருக்கும் வரையில்தான், நட்சத்திர ஆட்டம் என்ற பெயருக்குப் பொருள் உண்டு.